காருக்கும் நாடி பார்க்க வேண்டும்!

தூத்துக்குடியில் ஒரு வீடு. வாசலில் பழைய கார் ஒன்று நிற்கிறது. 2004-ம் ஆண்டு வண்டி.

பிள்ளைகள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். திருச்செந்தூருக்குப் போக வேண்டும். தூக்குச் சட்டியில் புளியோதரை தயார். வீட்டுக்காரர் சாவியைத் திருப்புகிறார். என்ஜின் இருமுகிறது. நின்றுவிடுகிறது. மறுபடியும் திருப்புகிறார். மறுபடியும் அதே இருமல்! முன்னால் உள்ள பலகையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விளக்கு எரிகிறது.

மெக்கானிக் வருகிறார். எட்டிப் பார்க்கிறார்.

"செக் லைட்டு எரியுதே, அண்ணாச்சி!"

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன், தம்பி. என்னான்னு பாரு."

"ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்கணும். ஆனா என்கிட்டே இருக்கிற ஸ்கேனர் உங்க வண்டியோட பேசாது."

பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். புளியோதரை வீட்டுக்குள் திரும்பிப் போய்விட்டது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சை ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். "ஸ்கேனர் பேசாது" என்கிறாரே, அது என்ன பேச்சு? காருக்கும் கருவிக்கும் என்ன சண்டை? தெரிந்து கொண்டால் பணம் மிஞ்சும். தெரியாவிட்டால், பழைய கார் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

காருக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

அந்தக் காலத்து அம்பாசடர் காரில் மூளை என்று ஒன்று கிடையாது. கார்புரேட்டர் இருக்கும். பெட்ரோலையும் காற்றையும் அது கலந்து கொடுக்கும். கோளாறு வந்தால் மெக்கானிக் காதை வைத்துக் கேட்பார். மூக்கால் முகர்வார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார். அதுவே போதும். அந்தக் காருக்கு ஸ்கேனர் வாங்குவது, மாட்டு வண்டிக்குப் பெட்ரோல் வாங்குவது போல!

பிறகு வந்த கார்களில் கார்புரேட்டர் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு சிறு கம்ப்யூட்டர் வந்தது. மெக்கானிக்குகள் அதை "ஈ.சி.எம்." என்பார்கள். இது ஒரு கணக்குப்பிள்ளை. என்ஜின் எவ்வளவு சூடு? காற்று எவ்வளவு வருகிறது? புகையில் ஆக்சிஜன் எவ்வளவு? இதையெல்லாம் சென்சார்கள் ஓயாமல் சொல்லும். கணக்குப்பிள்ளை கணக்குப் போட்டு, இவ்வளவு பெட்ரோல் போதும் என்று அளந்து விடுவார்.

ஒரு சென்சார் தவறாகச் சொன்னால், அல்லது ஒன்றுமே சொல்லாவிட்டால், கணக்குப்பிள்ளை மஞ்சள் விளக்கை எரிய விடுவார். எந்த இடத்தில் தகராறு என்று ஓர் எண்ணையும் எழுதி வைத்துக் கொள்வார். அதுதான் பழுது எண். பி 0335 என்றால், என்ஜின் தண்டு சுற்றுவதைச் சொல்லும் சென்சாரின் வழியில் தகராறு. பி 0171 என்றால், பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். முதல் எழுத்து "பி" என்றால் என்ஜின் பக்கம். "பி"-க்கு அடுத்து பூஜ்யம் வந்தால், அது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண். ஒன்று வந்தால், அந்தக் கம்பெனிக்கு மட்டுமே உரிய எண்.

எண்ணைப் படித்துச் சொல்லும் கருவிதான் ஸ்கேனர்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முத்துப் பார்களில் குளிப்பு நடத்தலாமா என்று முதலிலேயே சோதிப்பார்கள். குளியாட்கள் மூழ்கிக் கொஞ்சம் சிப்பிகளை எடுத்து வருவார்கள். அவற்றைத் திறந்து, கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்புப் போடுவார்கள். கணக்குச் சரியாக வந்தால்தான் குளிப்பு. வராவிட்டால் அந்த ஆண்டு இல்லை. 1961-ல் நடந்ததுதான் இங்கே கடைசியாக நடந்த பெரிய குளிப்பு. சிப்பியின் ஓட்டைப் பார்த்து யாரும் முத்தின் விலையைச் சொன்னதில்லை. காரின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்தச் சென்சார்தான் போயிருக்கும், மாற்றிவிடலாம்" என்று சொல்வதை மட்டும் நாம் எப்படி நம்புகிறோம்?

ஏன் பேசாது?

இந்த முறை அமெரிக்காவில் பிறந்தது. கலிபோர்னியா மாநிலத்தில் கார் புகையால் காற்று கெட்டுப் போயிற்று. "புகைக் கட்டுப்பாடு சரியாக வேலை செய்கிறதா என்று காரே தன்னைச் சோதித்துச் சொல்ல வேண்டும்" என்று அங்கே விதி போட்டார்கள். 1988-ல் வந்த கார்களில் இது தொடங்கியது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு பிளக்கு வைத்தது. தன் இஷ்டத்துக்கு எண் வைத்தது. மெக்கானிக்குகள் திண்டாடினார்கள்.

1996-ல் அமெரிக்கா முழுவதற்கும் ஒரே முறை வந்தது. 16 கால் உள்ள ஒரே பிளக்கு. பொதுவான எண்கள். இதற்கு "ஓ.பி.டி.-2" என்று பெயர். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-ல் இது போன்ற முறை வந்தது.

இதிலும் ஒரு வேடிக்கை! பிளக்கு ஒன்றுதான், பேச்சு ஐந்து. போர்டு ஒரு விதமாகப் பேசியது. ஜெனரல் மோட்டார்ஸ் இன்னொரு விதம். ஐரோப்பா, ஆசியக் கார்கள் வேறு இரண்டு விதம். ஐந்தாவதாக "கேன்" என்ற முறை வந்தது. 2008 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் எல்லாம் "கேன்" மட்டுமே பேச வேண்டும் என்றார்கள். புதிய காருக்கென்று வாங்கிய ஸ்கேனர் பழைய காரில் விழிப்பது இதனால்தான்.

இந்தியாவில் என்ன நடந்தது? 2010 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை முதலிய 13 நகரங்களில் மட்டும் "பாரத் ஸ்டேஜ்-4" விதி வந்தது. அந்த விதியோடுதான் காருக்குள் சுயசோதனையும் கட்டாயமாயிற்று. 2013 ஏப்ரல் முதல் அதன் இரண்டாம் கட்டம் வந்தது. அந்த 13 நகரங்களில் தூத்துக்குடி இல்லை! மற்ற ஊர்களுக்குப் பழைய "ஸ்டேஜ்-3" விதியே போதும் என்று இருந்தது. நாடு முழுவதற்கும் "ஸ்டேஜ்-4" வந்தது 2017 ஏப்ரலில்.

இதன் பொருள் என்ன? 2011-ல் சென்னையில் ஒருவர் கார் வாங்கினார். அதே 2011-ல் தூத்துக்குடியில் ஒருவர் அதே பெயருள்ள கார் வாங்கினார். இரண்டும் ஒன்று என்று நினைப்போம். சென்னை காரில் சுயசோதனை இருந்தே ஆக வேண்டும். தூத்துக்குடி காரில் இருக்கலாம்; இல்லாமலும் போகலாம். "2010-க்குப் பிறகு வந்த கார்தானே, எந்த ஸ்கேனரும் பேசும்" என்று கடைக்காரர் சொன்னால், துறைமுகத்து ஊர்க்காரர்கள் உடனே தலையாட்டக் கூடாது.

2010-க்கு முந்திய கார்களின் கதை இன்னும் சிக்கல். கம்ப்யூட்டர் இருக்கும். பழுது எண்ணும் இருக்கும். ஆனால் சட்டம் கேட்கவில்லை என்பதால் கம்பெனி தன் சொந்த பாஷையைப் பேச விட்டிருக்கும். சில வண்டிகளில் 16 கால் பிளக்குகூட இருக்கும். ஸ்கேனர் அழகாகப் பொருந்தும். பேச்சு மட்டும் வராது! தமிழ் மட்டும் தெரிந்தவரும் வங்காளம் மட்டும் தெரிந்தவரும் கை குலுக்கிக் கொள்வது போல.

விளக்கு மினுக்கும் வித்தை

சில பழைய வண்டிகளுக்கு ஸ்கேனரே வேண்டாம். பழுது பார்க்கும் பிளக்கில் குறிப்பிட்ட இரண்டு கால்களை ஒரு கம்பியால் இணைத்து, சாவியை "ஆன்" செய்தால், மஞ்சள் விளக்கு மினுக்கி மினுக்கி எண்ணைச் சொல்லும். ஒரு மினுக்கல், சிறிது இடைவெளி, பிறகு இரண்டு மினுக்கல் என்றால் 12. சுசுகியின் பழைய முறையில் 12 என்றால் "பழுது ஒன்றும் பதிவாகவில்லை" என்று அர்த்தம்.

செலவு இல்லாத வித்தைதான். ஆனாலும் எந்தக் கால் என்று அந்த வண்டியின் புத்தகத்தைப் பார்க்காமல் கம்பியை வைக்கக் கூடாது. தவறான காலில் வைத்தால் கம்ப்யூட்டரே எரிந்து போகலாம். சென்சார் விலை எங்கே, கம்ப்யூட்டர் விலை எங்கே!

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இந்த மஞ்சள் விளக்கு ஒரு துப்பு. சாவியை "ஆன்" செய்து, என்ஜினைக் கிளப்பாமல் பாருங்கள். அந்த விளக்கு கட்டாயம் எரிய வேண்டும். கிளப்பிய பிறகு அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பல்பை யாரோ பிடுங்கியிருக்கலாம்! நோயை மறைக்கத் தெர்மாமீட்டரை உடைத்தவர் அவர்.

கடைக்குப் போகும்போது

சந்தையில் சில நூறு ரூபாய்க்கு ஒரு குட்டிக் கருவி கிடைக்கிறது. காரில் செருகிவிட்டு, செல்போனில் எண்ணைப் பார்க்கலாம். இதற்குள் இருக்கும் "சிப்" முதலில் கனடா நாட்டின் எல்ம் என்ற சிறு கம்பெனி செய்தது. அந்த ஐந்து பேச்சையும் அது மொழிபெயர்க்கும். முதல் சிப்புக்குப் பூட்டுப் போடாமல் விட்டுவிட்டார்கள். உலகமெங்கும் நகல் எடுத்துவிட்டார்கள்! பல கருவிகளின் மேல் "1.5" என்று எண் போட்டிருக்கும். அசல் கம்பெனி அந்த எண்ணில் ஒன்றை வெளியிடவே இல்லை.

நகல் எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. சில நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் பல நகல்கள் ஐந்து பேச்சில் ஒன்றிரண்டை விட்டுவிடுகின்றன. விட்டுப் போவது பெரும்பாலும் பழைய பேச்சுதான். பழைய கார்க்காரர் கையில் அது வெறும் பொம்மை.

ஆகவே, பழைய காருக்கு ஸ்கேனர் வாங்குகிறவர் கருவியின் விலையை முதலில் கேட்கக் கூடாது. காரைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் எந்த ஆண்டு, எந்த மாதம் என்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் குனிந்து பிளக்கைத் தேட வேண்டும். எட்டு எட்டாக இரண்டு வரிசையா? எல்லாப் பள்ளத்திலும் உலோகக் கால் இருக்காது. எந்தெந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். 6, 14 என்ற இரண்டு இடத்திலும் கால் இருந்தால், "கேன்" பேசக்கூடும். 7-ல் மட்டும் இருந்தால் பழைய "கே லைன்" பேச்சாக இருக்கலாம். செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனால் கடையில் வாதாட வேண்டியதில்லை.

அதைவிட நல்ல வழி, காரையே கடைக்கு ஓட்டிக்கொண்டு போவது. பணம் கொடுக்கும் முன் செருகிப் பார்க்க வேண்டும். கருவியில் விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. 16-ம் காலில் பாட்டரி மின்சாரம் எப்போதும் வருவதால் எந்தக் கருவியிலும் விளக்கு எரியும். என்ஜினின் சூடு எவ்வளவு என்று எண் காட்டுகிறதா? ஆக்சிலேட்டரை மிதித்தால் சுற்று எண் ஏறுகிறதா? அப்படியானால்தான் பேசுகிறது என்று பொருள். வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிட வேண்டும். செருகியபடியே நாள் கணக்கில் விட்டால் பாட்டரியைக் குடித்துவிடும்.

உப்புக் காற்று செய்யும் குறும்பு

எந்த ஸ்கேனரைப் போட்டாலும் பேசவில்லையா? உடனே கருவியைத் திட்ட வேண்டாம். இது உப்பளத்து ஊர். காற்றிலே உப்பு. செப்புக் கால்களில் பச்சையாகக் களிம்பு பிடித்துவிடும். கார் பேசினாலும் கருவியின் காதில் விழாது. பாட்டரி மின்சாரம் அந்தப் பிளக்குக்கு வரும் வழியில் ஒரு பியூஸ் இருக்கிறது. சிகரெட் லைட்டருக்கும் அதே பியூஸ்தான் பல வண்டிகளில். செல்போன் சார்ஜரைச் செருகி அதை எரித்துவிட்டு, ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு.

சென்சார் பிளக்குகளுக்கும் இதே கதைதான். எண் சொல்வது, எந்த வழியில் தகராறு என்பதை மட்டுமே. சென்சார் கெட்டதா, கம்பி அறுந்ததா, பிளக்கில் களிம்பா என்று எண் சொல்லாது. பி 0171 என்று வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு ரப்பர் குழாயில் வெடிப்பு விட்டுக் காற்று உள்ளே போயிருக்கும். குழாய்க்கு ஆகும் செலவு கொஞ்சம். சென்சாருக்கு ஆயிரக்கணக்கில். மாற்றிய பிறகும் விளக்கு எரியும்!

இன்னொரு கெட்ட பழக்கம். ஸ்கேனரைப் போட்டு, எண்ணை எழுதிக்கூட வைக்காமல் அழித்துவிட்டு, "சரியாயிடுச்சு அண்ணாச்சி" என்று வண்டியைக் கொடுத்துவிடுவது. கோரம்பள்ளம் தாண்டுவதற்குள் விளக்கு மறுபடியும் எரியும். எண்ணோடு, கோளாறு வந்த நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் போயிற்று, எவ்வளவு சூடு என்ற குறிப்பும் பல வண்டிகளில் பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கிக் கொள்வது கார்க்காரரின் உரிமை.

யார் கையில் சாவி?

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கம்பெனியின் சொந்த எண்களுக்கு அர்த்தம் சொல்லும் புத்தகம் கம்பெனியிடம் இருக்கிறது. பழைய பாஷை பேசும் ஸ்கேனரும் கம்பெனியிடம் இருக்கிறது. தெருவோரத்து ஒர்க்‌ஷாப்காரர் கேட்டால் கிடைப்பதில்லை.

இது வெறும் புலம்பல் அல்ல. இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்துச் சொன்ன தீர்ப்பு. 2011-ல் ஒருவர் புகார் கொடுத்தார். உதிரிப் பாகங்களையும், பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கார் கம்பெனிகள் கொடுப்பதில்லை என்பது புகார். 2014 ஆகஸ்டு 25-ந் தேதி ஆணையம் தீர்ப்புக் கூறியது. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம்! பாகங்களும் கருவிகளும் வெளியிலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று உத்தரவு. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டு மன்றம், மூன்று கம்பெனிகளின் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதக் கணக்கை மட்டும் குறைத்தது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-ல் ஓட்டுப் போட்டே இந்த உரிமையை வாங்கினார்கள். கம்பெனி டீலருக்குக் கிடைக்கும் பழுது விவரம் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்றார்கள். இந்தியாவில் 2022 டிசம்பர் 24-ந் தேதி, மத்திய அரசு "பழுது பார்க்கும் உரிமை"க்காக ஒரு தகவல் தளம் தொடங்கியது. அதில் மோட்டார் வாகனமும் ஒரு பிரிவு. தளம் இருப்பது நல்லதுதான். ஆனால் 2004-ம் ஆண்டுக் காரின் எண்ணுக்கு அர்த்தம் கிடைத்தால் அல்லவா தூத்துக்குடிக்காரருக்குப் பயன்?

அதைவிடப் பெரிய கஷ்டம், கம்பெனியே இல்லாமல் போவது. தேவூ கார்களை நம்மில் பலர் ஆசையாக வாங்கினார்கள். அந்தக் கம்பெனி இந்தியாவில் மூடிப் போயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. மறைமலைநகரில் கார் செய்த போர்டு கம்பெனி, உற்பத்தியை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தது. கார்கள் மட்டும் இன்னும் ஓடுகின்றன. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகின்றன. வாடகைக்கு ஓடி ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகின்றன.

அந்தக் குடும்பத்திடம் "பழசைப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு" என்று சொல்வது சுலபம். 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆயிற்று. அதையும் கட்டி, எப்.சி.யும் காட்டி ஓட்டுகிறார்கள் என்றால், ஆசைக்காக அல்ல, வேறு வழியில்லை. அப்படிப்பட்ட காரை, ஓர் எண்ணைப் படிக்க ஆள் இல்லாத காரணத்தால் எடைக்குப் போடுவது அநியாயம்.

ஒரு கம்பெனி கடையைக் கட்டும்போது, தன் பழுது எண்களின் பட்டியலையும், பிளக்கின் படத்தையும், ஸ்கேனர் மென்பொருளையும் பொதுவில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சர்க்கார் விதி போட வேண்டும். இதில் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? இனி அந்தக் காரை அது விற்கப் போவதில்லையே!

சட்டம் வரும்வரை ஊர் ஒர்க்‌ஷாப்காரர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. எல்லாப் பழைய பேச்சும் தெரிந்த நல்ல ஸ்கேனர் விலை அதிகம். ஒருவரால் வாங்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். ஒருவர் தேவூ வண்டியில் கைதேர்ந்தவராக இருப்பார். ஒருவர் பழைய மாருதியில். எந்த வண்டிக்கு எந்தக் கருவி பேசிற்று, எந்த எண்ணுக்கு எது பழுதாக இருந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். வண்டியின் ஆண்டு, மாதம், பிளக்கின் படம், கடைசியில் மாற்றிய பொருள், ஆன செலவு. நாற்பது பக்க நோட்டு போதும். அது இருந்திருந்தால், "என் ஸ்கேனர் பேசாது அண்ணாச்சி" என்று சொன்ன அந்தத் தம்பி, "ஆனா பாளையங்கோட்டை ரோட்டுக் கடையில இருக்கிறது பேசும், வாங்க, தள்ளிக்கிட்டுப் போவோம்" என்றும் சொல்லியிருப்பார்.